சார்ஜ் நிற்காத லேப்டாப்: பேட்டரி வாங்கும் முன் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

"சார்ஜே நிக்க மாட்டேங்குதுண்ணே, ஒரு பேட்டரி போட்டுக் குடுங்க." தஞ்சாவூரில் என் மேசைக்கு வரும் லேப்டாப்களில் வாரத்துக்கு நாலைந்தாவது இந்த வார்த்தையோடுதான் வரும். பிரித்துப் பார்த்தால் சிலவற்றில் பேட்டரிக்கு ஒன்றுமே ஆகியிருக்காது. அடாப்டர் போயிருக்கும், சார்ஜர் பிளக் செருகும் ஜாக் ஆடும், அல்லது ஏதோ ஒரு செட்டிங் சார்ஜை 60 சதவீதத்தில் பிடித்து நிறுத்தியிருக்கும். அதற்குள் அந்த வீட்டில் புதுப் பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டிருப்பார்கள். மாதச் சம்பளத்தில் எடுத்து வைத்த காசு அப்படிப் போவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரிக்குள் சார்ஜைச் சேர்த்து வைப்பவை செல்கள்; தேய்ந்துபோன செல்லுக்கு யாராலும் மறுபடி உயிர் கொடுக்க முடியாது. தப்பாகிப்போன சதவீதக் கணக்கு, விட்டுப்போன தொடர்பு, பேட்டரிக்குள் உறங்கிப்போன பாதுகாப்பு சர்க்யூட், இவற்றை மீட்கலாம். உங்களுடையது எந்த வகை என்று கண்டுபிடித்துவிட்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது. ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத சோதனை முன்னால், காசு கேட்பது கடைசியில். முதல் இரண்டு தலைப்புகளை மட்டும் எல்லாரும் படியுங்கள்; பிறகு உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடலாம்.

## எதையும் தொடும் முன்: உப்பியிருக்கிறதா?

லேப்டாப்பை மூடி, ஒரு சமமான மேசைமேல் வையுங்கள். நாலு மூலையிலும் விரலால் லேசாக அழுத்துங்கள். ஆடுகிறதா? டச்பேட் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறதா, அழுத்தினால் 'டிக்' என்ற சத்தம் வராமல் கல்மாதிரி இருக்கிறதா? மூடி முழுக்க மூடாமல் நடுவில் இடைவெளி தெரிகிறதா? கீழ்மூடி ஓரத்தில் பிளவு விட்டிருக்கிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் மற்ற சோதனை எதுவும் வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது.

போன கோடையில் ஒரு பள்ளி ஆசிரியை "டச்பேட் மட்டும் வேலை செய்யலை தம்பி" என்று கொண்டுவந்தார். அடியில் இருந்த பத்து ஸ்க்ரூவையும் கழற்றியதும் மூடி தானாகவே மேலே எழும்பியது. உள்ளே தட்டையாக இருக்க வேண்டிய மூன்று செல்லில் நடுவில் இருந்தது பூரி மாதிரி எழும்பி, டச்பேடை அடியிலிருந்து முட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின நாள் இரவுகூட அவர் அதைக் கட்டிலில் வைத்து சார்ஜ் போட்டபடி விடைத்தாள் மதிப்பெண் ஏற்றியிருக்கிறார். நினைத்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

உப்பியிருந்தால் சார்ஜரைக் கழற்றுங்கள். லேப்டாப்பை அணையுங்கள். அழுத்தி மூடப் பார்க்காதீர்கள், காற்றை வெளியேற்ற ஊசியால் குத்தவே குத்தாதீர்கள். உள்ளே இருக்கும் வாயு தீப்பிடிக்கக் கூடியது, சுவாசிக்கவும் ஆகாது. துணி, மெத்தை, திரைச்சீலை அருகில் இல்லாத சிமெண்ட் தரையில் வைத்துவிட்டு, அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள். வண்டியில் போகும்போது பையில் மற்ற சாமான்களுக்கு நடுவே திணிக்காதீர்கள். புகை வர ஆரம்பித்தால் மெயின் சுவிட்சை அணைத்து, எல்லாரும் வெளியே வந்து, 101 அல்லது 112 அழையுங்கள். அந்தப் புகையை யாரும் சுவாசிக்கக் கூடாது. வீட்டில் செய்து பார்க்கும் வேலை இந்த அறிகுறிக்கு ஒன்றுகூட இல்லை.

## எல்லாரும் எடுக்க வேண்டிய இரண்டு எண்கள்

உப்பவில்லை என்றால் அடுத்த வேலை இது. விண்டோஸில் தேடும் கட்டத்தில் சிஎம்டி என்று அடித்து கமாண்ட் பிராம்ப்டைத் திறங்கள். 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு இடைவெளி விடாமல் சி, எஃப், ஜி மூன்றையும் சேர்த்து அடியுங்கள். பிறகு ஒரு இடைவெளி, ஒரு ஸ்லாஷ், அதை ஒட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என்று ஒரே சொல்லாக அடித்து எண்டர் தட்டுங்கள். அறிக்கை எந்த ஃபோல்டரில் விழுந்தது என்று அதுவே காட்டும். அதை பிரவுசரில் திறங்கள்.

'டிசைன் கெபாசிட்டி' என்பது பேட்டரி பிறக்கும்போது இருந்த கொள்ளளவு. 'ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி' என்பது இப்போது முழுதாக ஏறினால் பிடிக்கும் அளவு. முதலாவது 41,000 மில்லிவாட் மணி, இரண்டாவது 24,600 என்றால் மிச்சம் 60 சதவீதம். 'சைக்கிள் கவுண்ட்' (இதுவரை எத்தனை முழு சார்ஜ் அளவுக்குப் பேட்டரி உழைத்திருக்கிறது என்ற கணக்கு) என்ற எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் அது காலியாகத்தான் இருக்கும். மேக்புக்கில் சிஸ்டம் செட்டிங்ஸின் பேட்டரி பகுதியில் ஆரோக்கிய நிலை தெரியும், சைக்கிள் எண்ணிக்கை சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பவர் என்ற தலைப்பில் இருக்கும். இப்போதைய மேக்புக்குகளுக்கு ஆப்பிள் சொல்லும் வரம்பு 1000 சைக்கிள்.

நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான். 80க்கு மேல் இருந்தால் பேட்டரியைக் குற்றம் சொல்லாதீர்கள், கோளாறு வேறு இடத்தில். 50 முதல் 80 வரை என்றால் தேய்மானம் உண்டு, ஆனாலும் வேறு காரணமும் சேர்ந்திருக்கலாம். 50க்குக் கீழே போனால் மாற்றுவதற்குக் காசு சேர்க்க ஆரம்பியுங்கள்.

## அறிகுறி: சார்ஜர் செருகியிருக்கிறது, சார்ஜ் ஏறவில்லை

### எப்போதும் 60இல், அல்லது 80இல் நிற்கிறது

இது கோளாறே இல்லை. பேட்டரி சீக்கிரம் தேயாமல் இருக்க தயாரிப்பாளரே வைத்திருக்கும் வரம்பு. லெனோவோவில் வான்டேஜ் செயலிக்குள் 'கன்சர்வேஷன் மோட்', ஆசுஸில் மைஆசுஸ் செயலிக்குள் 'பேட்டரி ஹெல்த் சார்ஜிங்' என்று இருக்கும். டெல், எச்பி இரண்டிலும் பயாஸுக்குள்ளேயே (விண்டோஸ் வரும் முன் திறக்கும் அடிப்படை செட்டிங் திரை) இப்படி ஒரு அமைப்பு உண்டு. அணைத்தால் 100 வரை ஏறும். நாள் முழுக்கச் சார்ஜரிலேயே வேலை செய்பவர்கள் அதை அணைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பொறியியல் படிக்கும் ஒரு தம்பி இந்த 60 சதவீதத்துக்காக வேறொரு இடத்தில் புதுப் பேட்டரி மாற்றிவிட்டு, அதுவும் 60லேயே நிற்கிறது என்று என்னிடம் வந்தான். ஒரே ஒரு பட்டனைத் தள்ளினேன், ஏற ஆரம்பித்தது. அவன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

### எந்தச் சதவீதத்திலும் ஏறவில்லை

பிளக் பாயிண்டை மாற்றுங்கள். அடாப்டர் பெட்டிக்குள் நுழையும் மூன்று ஓட்டை கேபிளை நன்றாக அழுத்துங்கள். அந்த இடம் தளர்ந்து, பார்வைக்குச் செருகியது போலவே இருக்கும். லேப்டாப்பைத் தொட்டுப் பாருங்கள். பேட்டரி 45 டிகிரி அளவுக்குச் சூடாகிவிட்டால் பாதுகாப்புக்காகச் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். சித்திரை வெயிலில், மெத்தைமேல், காற்றோட்டம் அடைபட்டு இருந்தால் இது சாதாரணம். அரை மணி ஆறவிட்டுப் பாருங்கள்.

பிறகு அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கழற்ற முடிகிற பேட்டரி என்றால் அதையும் கழற்றி, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். திரும்ப மாட்டி ஆன் செய்யுங்கள். சார்ஜ் கணக்கைப் பார்க்கும் சில்லு குழம்பியிருந்தால் இதிலேயே தெளிந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் பேட்டரீஸ் என்பதை விரித்து, 'மைக்ரோசாஃப்ட் ஏசிபிஐ' என்று தொடங்கும் பேட்டரி வரியை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே மறுபடி போட்டுக்கொள்ளும், பயப்பட வேண்டாம்.

இப்போது அடாப்டர். அடாப்டரின் லேபிளில் உள்ள வோல்ட், வாட் இரண்டும் லேப்டாப்புக்குத் தேவையானதோடு பொருந்துகிறதா? 65 வாட் கேட்கும் இயந்திரத்தில் 45 வாட் போட்டால் ஓடும், ஆனால் சார்ஜ் ஏறாது, அல்லது ஆமை வேகத்தில் ஏறும். டைப்-சி லேப்டாப்பில் போன் சார்ஜரைச் செருகிவிட்டு ஏறவில்லை என்று வருகிறவர்கள் உண்டு. பெரும்பாலான லேப்டாப்புக்கு 20 வோல்ட் தரக்கூடிய 45 அல்லது 65 வாட் பவர் டெலிவரி சார்ஜர் வேண்டும், அதைத் தாங்கும் கேபிளும் வேண்டும்.

டெல், எச்பி வைத்திருப்பவர்கள் பிளக்கின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் ஊசிபோல ஒரு பின் நிற்கும். அது மின்சாரம் கொடுக்கும் பின் இல்லை. "நான் இன்ன வாட் அடாப்டர்" என்று லேப்டாப்புக்குச் சொல்லும் பின். அது வளைந்தாலோ உடைந்தாலோ லேப்டாப் ஆன் ஆகும், ஆனால் சார்ஜ் ஏற்றாது, வேகமும் குறைந்துவிடும். டெல்லில் ஆன் செய்யும்போதே அடாப்டர் வகையைக் கண்டறிய முடியவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும். பார்த்ததும் எண்டர் தட்டிக் கடந்துவிடுகிறார்கள். அந்த வரியைப் படித்தாலே பேட்டரி காசு மிச்சம்.

மல்டிமீட்டர் இருந்தால் டிசி வோல்ட்டில் வைத்து அளக்கலாம். டெல், எச்பிக்கு 19.5, ஏசர், ஆசுஸ் பலவற்றுக்கு 19, லெனோவோவுக்கு 20 வோல்ட் அளவில் வர வேண்டும். மஞ்சள் நிற மலிவு மீட்டரில் 20 என்ற அளவில் வைக்காதீர்கள். 20.1 வோல்ட் வந்தாலும் அது இடது ஓரத்தில் வெறும் 1 காட்டும், நல்ல அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். 200இல் வையுங்கள். நடு பின் உள்ளதை அளக்கும்போது மீட்டர் முனை அந்தப் பின்னையும் உள்சுவரையும் ஒருசேரத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அடாப்டரின் அடையாளச் சில்லு போய்விடலாம்.

மீட்டரில் சரியாகக் காட்டியும் லோடு ஏறினால் படுத்துவிடும் அடாப்டர்களும் உண்டு. அதனால் அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் சார்ஜரை ஐந்து நிமிடம் வாங்கிச் செருகிப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த சோதனை. ஏறினால் தீர்ந்தது. ஏறாமல், பிளக்கை அசைக்கும்போது மட்டும் சார்ஜ் விளக்கு வந்து வந்து போனால் டிசி ஜாக் ஆடுகிறது. சில மாடலில் ஜாக் கேபிளோடு தனியாக வரும், கழற்றி மாட்டிவிடலாம். போர்டில் சால்டர் செய்தது என்றால் கடை வேலை.

நல்ல அடாப்டர், நல்ல ஜாக், அறிக்கையில் நல்ல பேட்டரி, இருந்தும் ஏறவில்லை என்றால் மதர்போர்டில் சார்ஜிங் பகுதி. இங்கே வீட்டுச் சோதனை முடிகிறது. போர்டில் உள்ள சிறு பாகங்களைத் தனித்தனியே மாற்றும் சிப் லெவல் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். "போர்டையே மாத்தணும்" என்று ஒருவர் சொன்னால் இன்னொருவரிடமும் காட்டிவிட்டு முடிவெடுங்கள். மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் என்ற ஒரு சிறு பாகத்தை மாற்றியதில் எழுந்த போர்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

(சார்ஜ் போட்டபடி கை வைத்தால் சுள்ளென்கிறது, டச்பேடில் அம்பு தாறுமாறாக ஓடுகிறது என்பதும் இந்தக் கூட்டத்தோடு வரும். அது பேட்டரியைச் சேர்ந்ததில்லை. மூன்று பின் பிளக்கை எர்த் உள்ள பாயிண்டில் போட்டுப் பாருங்கள். எர்த் இல்லாத வீடு என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், லேப்டாப்புக்காக மட்டும் இல்லை, வீட்டில் இருப்பவர்களுக்காகவும்.)

## அறிகுறி: 30, 40 சதவீதம் காட்டும்போதே பட்டென்று அணைகிறது

இரண்டில் ஒன்று. கணக்கு தப்பாகியிருக்கலாம், அல்லது உள்ளே ஒரு செல் மட்டும் சோர்ந்திருக்கலாம். அறிக்கையை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. கணக்கைத் திருத்திப் பார்த்தால் தெரியும்.

100 வரை ஏற்றி, மேலும் இரண்டு மணி நேரம் சார்ஜரிலேயே விடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் ஸ்லீப்பை அணைத்து, 5 சதவீதத்தில் ஹைபர்னேட் ஆகும்படி (திறந்த வேலையைச் சேமித்துவிட்டு அணையும்படி) வையுங்கள். சார்ஜரைக் கழற்றி, சாதாரண வேலையில் தீரவிடுங்கள். தானாக அணைந்ததும் இரண்டு மூன்று மணி நேரம் ஆறவிட்டு, நடுவில் நிறுத்தாமல் 100 வரை ஏற்றுங்கள். ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. இதை வாரம்தோறும் செய்தால் நல்லது என்று சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்; முழுக்க இறக்கி ஏற்றுவதே லித்தியம் செல்லுக்குத் தேய்மானம்.

அதன்பின் 40இல் அணைந்தது 5 வரை சீராக இறங்கினால் கணக்குதான் தப்பாக இருந்தது. மொத்த நேரம் கூடியிருக்காது, காட்டும் எண் உண்மையாகியிருக்கும், அவ்வளவே. மறுபடியும் 30, 40இலேயே விழுந்தால் ஒரு செல் வரிசை போய்விட்டது. நாலு பேர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் மடங்கினால் என்னவாகும்? மற்றவை நன்றாக இருந்தும் பயனில்லை. மாற்ற வேண்டியதுதான்.

## அறிகுறி: சார்ஜரைக் கழற்றிய நொடியே அணைகிறது

கழற்ற முடிகிற பேட்டரி என்றால் கழற்றி, தங்க நிறத் தகடுகளை உலர்ந்த துணியால் துடைத்து, 'டக்' என்று பூட்டு விழும்வரை மாட்டுங்கள். உள்ளே இருப்பது என்றால் கடைசியாக யாராவது பிரித்தார்களா என்று நினைத்துப் பாருங்கள். ரேம் மாற்றியபோது, ஃபேன் தூசி தட்டியபோது பேட்டரி கனெக்டர் சரியாக உட்காராமல் விட்டிருக்கலாம். இரண்டும் இல்லை என்றால் அறிக்கையைப் பாருங்கள். மூன்று நான்கு வருடம் ஓடிய பேட்டரியில் கொள்ளளவு கால்வாசிக்குக் கீழே இருந்தால் மேலே யோசிக்க ஒன்றுமில்லை.

## அறிகுறி: பேட்டரியே இல்லை என்று காட்டுகிறது

அலமாரியில் ஒரு வருடம், இரண்டு வருடம் கிடந்த லேப்டாப் இப்படித்தான் வரும். 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அக்கா வாங்கியதைத் தம்பிக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துப் பார்ப்பார்கள், சிவப்புப் பெருக்கல் குறி நிற்கும். சும்மா கிடந்தாலும் செல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒரு அளவுக்குக் கீழே போனதும் உள்ளிருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் வாசலைச் சாத்திவிடும்.

உப்பவில்லை என்று மறுபடி ஒரு முறை உறுதி செய்துகொண்டு, லேப்டாப்பை ஆன் செய்யாமல், சொந்த சார்ஜரில் மூன்று நான்கு மணி நேரம் விடுங்கள். பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. சில பேட்டரிகள் மிகச் சிறிய கரண்டில் மெல்ல எழுந்து, பிறகு வழக்கம்போல ஏறும். எழுந்துவிட்டால் மேலே சொன்ன முறையில் ஒரு முறை கணக்கைத் திருத்துங்கள். அந்த நேரத்துக்குள் எழவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆழமாக இறங்கிய செல்லின் உள்ளே செம்பு கரைந்து, வேறு இடத்தில் போய்ப் படிந்திருக்கும். அதில் வலுக்கட்டாயமாகச் சார்ஜ் ஏற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம்.

மீட்டர் வைத்து அளந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கழற்றி வெளியே வைத்த பேட்டரி 0 வோல்ட் காட்டினால் அது செத்தது என்று அர்த்தமில்லை. லேப்டாப்பில் மாட்டியிருப்பதை உணர்ந்தால்தான் வெளியே மின்சாரம் விடும் பேட்டரிகள் நிறைய உண்டு.

## அறிகுறி: பேட்டரி மாட்டினால் ஆன் ஆவதில்லை, கழற்றினால் ஆகிறது

பேட்டரிக்குள் ஷார்ட், அல்லது அதன் சர்க்யூட் போயிருக்கிறது. அதை மறுபடி மாட்டிப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள், போர்டையும் இழுத்துக்கொண்டு போகும். புதிது வரும்வரை பேட்டரி இல்லாமல் சார்ஜரிலேயே ஓட்டலாம். கரண்ட் போனால் வேலை போகும், அதனால் அடிக்கடி சேவ் செய்யுங்கள்.

## அறிகுறி: முன்பு நாலு மணி நேரம், இப்போது ஒன்றரை

அறிக்கையில் 80க்கு மேல் இருந்தால் குடிப்பது யார் என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியு வரிசையைத் தட்டினால் மேலே வந்து நிற்கும். நாற்பது டேப் திறந்த பிரவுசர், ஓயாமல் ஒத்திசைக்கும் கிளவுட் செயலி, தேவையில்லாத இரண்டாவது ஆன்டிவைரஸ், முழு வெளிச்சத்தில் திரை. தூசி அடைத்த ஃபேன் இடைவிடாமல் இரைந்தாலும் சார்ஜ் தீரும். அதைத் தட்டி, தெர்மல் பேஸ்ட் மாற்றியதில் பிழைத்த பேட்டரிகள் உண்டு. 50க்குக் கீழே என்றால் இத்தனையும் செய்து பத்து நிமிடம் கிடைக்கும். நேராக மாற்றும் தலைப்புக்கு வாருங்கள்.

## அறிகுறி: இரவு மூடி வைத்தால் காலையில் காலி, பையில் சூடு

இப்போதைய லேப்டாப் பலவும் மூடினாலும் முழுதாக உறங்குவதில்லை, போன் மாதிரி அரைத் தூக்கத்தில் இருக்கும். கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில், மூடியை மூடினால் ஸ்லீப் என்பதை ஹைபர்னேட் என்று மாற்றுங்கள். மாற்றிய பின்னும் காலையில் காலியாக இருந்தால் போர்டில் கசிவு, கடைக்குக் கொடுங்கள்.

## அறிகுறி: தேதி, நேரம் மாறிப்போகிறது

இதற்கும் "பேட்டரி வீக்" என்று பெரிய பேட்டரியை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் 3 வோல்ட் காசு பேட்டரிதான் காரணம். பலவற்றில் சிஆர் 2032, கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். அது கேபிள் வைத்த வகையாக இருந்தால் அதே கனெக்டரோடு கேட்டு வாங்குங்கள்.

## "செல் மாத்தித் தரேன்", "ஃப்ரிட்ஜில் வை": இவற்றைச் செய்யலாமா?

பாலிதீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் பேட்டரி பிழைக்கும் என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. லித்தியம் பேட்டரிக்கு அதனால் ஒரு பயனும் கிடையாது. வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும், உறைநிலையில் சார்ஜ் ஏற்றினால் செல் நிரந்தரமாகக் கெடும். 12 வோல்ட் அடாப்டரின் வயரை நேராகச் செல்லில் தொட்டு 'ஜம்ப்' கொடுப்பது அதைவிட ஆபத்து. பாதுகாப்பு சர்க்யூட் வாசலைச் சாத்தியதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போகக் கூடாது.

செல் மாற்றுவது கொஞ்சம் வேறு. பழைய நீளப் பேட்டரிக்குள் 18650 என்ற உருளைச் செல்கள் இருக்கும், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். 10.8 வோல்ட் ஆறு செல் பேட்டரி என்றால் இரண்டிரண்டாக மூன்று வரிசை. புதுச் செல் வாங்கி மாற்றிவிடலாமே என்று தோன்றும். எல்லாச் செல்லும் ஒரே மாதிரியானவையாக, ஒரே அளவு சார்ஜில் இருக்க வேண்டும். சால்டரிங் அயர்ன் சூடு செல்லுக்கு ஆகாது, ஸ்பாட் வெல்டிங் வேண்டும். இத்தனையும் செய்து முடித்தாலும் கணக்குச் சில்லு பழைய கொள்ளளவையே பிடித்துக்கொண்டிருக்கும். செல்லைக் கழற்றியதுமே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் சில்லுகளும் உண்டு. நான் ஆரம்ப வருடங்களில் சில பேட்டரிகளுக்கு இதைச் செய்து கொடுத்தேன். ஒன்று மூன்றே மாதத்தில் உப்பித் திரும்பி வந்தது. அந்த வீட்டில் சின்னக் குழந்தை இருந்தது. அன்றோடு நிறுத்திவிட்டேன். வேறெங்கும் பேட்டரியே கிடைக்காத பழைய மாடல் என்றாலும், சார்ஜரிலேயே ஓட்டுங்கள் என்றுதான் இப்போது சொல்கிறேன்.

## மாற்றுவது என்று முடிவானால்

லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று வகைப் பேட்டரி வந்திருக்கும். பழைய பேட்டரியின் லேபிளைப் போட்டோ எடுத்து, அதில் உள்ள பார்ட் நம்பரைக் காட்டுங்கள். 10.8, 11.1 இரண்டும் ஒரே இனம், 14.4, 14.8 இரண்டும் ஒரே இனம். 11.1க்குப் பதில் 14.8 போடக் கூடாது. கனெக்டரின் வடிவம், வயர் நீளம், ஸ்க்ரூ ஓட்டை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். இந்தியாவில் விற்கும் லித்தியம் பேட்டரிக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். லேபிளில் ஐஎஸ் 16046 என்ற எண்ணையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணையும் தேடுங்கள். ஒரிஜினலைவிட இரண்டு மடங்கு கொள்ளளவு, பாதி விலை, அதே உருவம் என்று சென்னை ரிச்சி தெருவில் சொன்னாலும் சரி, ஆன்லைனில் சொன்னாலும் சரி, வேண்டாம். தயாரித்த தேதியும் பாருங்கள். இரண்டு வருடம் கிடங்கில் கிடந்த ஒரிஜினலைவிட, புதிதாக வந்த நல்ல கம்பேட்டிபிள் (வேறு கம்பெனி அதே மாடலுக்குச் செய்தது) மேல். நான் இரண்டும் போடுகிறேன். ஒரிஜினல் கிடைக்கும் மாடலுக்கு அதையே முதலில் சொல்வேன்.

கழற்றி மாட்டும் வகை என்றால் நீங்களே செய்யலாம். உள்ளே இருப்பதையும் ஸ்க்ரூ டிரைவர் பிடித்துப் பழகியவர் செய்துவிடலாம். சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்குங்கள். ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தால்தான் விண்டோஸ் முழுதாக அணையும். ஸ்க்ரூக்களைக் கழற்றிய அதே வரிசையில் ஒரு தெர்மோகோல் துண்டில் குத்தி வையுங்கள். குட்டை ஸ்க்ரூ இடத்தில் நெட்டை ஸ்க்ரூவை முறுக்கினால் மேல்பக்கம் பிதுங்கும், சில சமயம் போர்டையே துளைக்கும். ஓரத்தை நெம்பப் பழைய ஏடிஎம் கார்டு போதும். மூடி வந்ததும் மற்ற எதையும் தொடும் முன் பேட்டரி கனெக்டரை நகத்தால் தளர்த்திக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். இரும்புக் கருவி பேட்டரி பக்கமே வரக் கூடாது.

மேக்புக் பலவற்றில் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். நெம்பினால் செல் மடங்கும், மடங்கினால் தீ. அதைப் பழக்கமுள்ள கையிடம் கொடுத்துவிடுங்கள்.

புதிது மாட்டி, பவர் பட்டனை அழுத்தினால் ஒன்றும் வராது. பதற வேண்டாம், பல பேட்டரிகள் சார்ஜரைச் செருகினால்தான் விழிக்கும். ஆன் ஆனதும் அதே அறிக்கையை மறுபடி எடுங்கள், கடையில் மாற்றினால் கடைக்காரர் முன்னாலேயே எடுங்கள். இரண்டு கொள்ளளவும் ஏறக்குறைய சமமாக, சைக்கிள் எண்ணிக்கை ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். 200 சைக்கிள் காட்டினால் அது கழற்றிய பேட்டரிக்குப் புதுச் சட்டை, அங்கேயே திருப்பிக் கொடுங்கள். எல்லாம் சரி என்றால் மாட்டிய தேதியை மார்க்கரால் பேட்டரி மேலேயே எழுதிவிடுங்கள். முதல் இரண்டு மூன்று சார்ஜையும் பகலில் போட்டு, அவ்வப்போது கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் கழற்றி, பில்லோடு கடைக்குப் போங்கள்.

பழைய பேட்டரியின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். அதைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். லாரியின் அழுத்தத்தில் நசுங்கித் தீப்பிடிக்கும், அங்கே வேலை செய்கிறவர் கைதான் முதலில் போகும். பழைய இரும்புக் கடைக்கும் போட வேண்டாம், சுத்தியலால் உடைத்துப் பிரிப்பார்கள். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது, அதனால் சர்வீஸ் சென்டரில் தயங்காமல் கேளுங்கள். என் கடையில் மாற்றுகிறவர்களிடம் பழையதை நானே வாங்கி, மணல் நிரப்பிய இரும்புப் பெட்டியில் போட்டுவைத்து, பெட்டி நிறைந்ததும் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரரிடம் கொடுக்கிறேன். உப்பியதை மட்டும் அந்தப் பெட்டியில் மற்றவற்றோடு சேர்ப்பதில்லை. அதற்குப் பின்கட்டில், கூரை நிழலில், தனியாக ஒரு மண் சட்டி இருக்கிறது.